ஒட்டுப்பால் செவ்வாய்

நம் வயதுக்காரர்கள் எல்லாரிடமும் இப்போது அந்த டப்பா இருக்கும். ஏழு அறை, ஏழு மூடி. என் டப்பாவில் ஆங்கில எழுத்துதான் இருந்தது. கண் மங்குகிறதே என்று என் அக்கா மகள் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று தமிழில் எழுதி ஒட்டிக் கொடுத்தாள். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று காலையில் மூடியைத் திறந்து வாயில் போட்டுக்கொள்கிறோம். திறப்பது ஒரு கிரகத்தின் மூடி என்று யாரும் நினைப்பதில்லை. செவ்வாய் மூடியை மட்டும் நான் அப்படி நினைக்காமல் திறந்ததில்லை.

போன மாதம் ஈப்போவில் டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா மகள்தான் வாங்கி வந்து அறை அறையாகப் போட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சின்னம்மா, வெசத்தைக் குடுத்த மாதிரி பாக்குறீங்க? ரத்தத்துக்குத்தானே லா, முழுங்குங்க" என்றாள். அவள் நல்ல கறுப்பு. சிரித்தால் வீடே வெளிச்சமாகும். அவளைப் பெற்றவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். தஞ்சோங் மாலிம் பக்கத்துக் கார் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பூசி முடித்துக் காய்ந்து வரும் வண்டியின் உடம்பை விளக்கடியில் நின்று பார்ப்பதுதான் வேலை. பார்க்கிறவன் கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும். என் கண் அதில் ஒரு சின்னக் கொப்புளத்தைத் தேடும். கொப்புளத்தைச் சுரண்டினால் அடியில் துரு இருக்கும். ஆகவே, மேலே தெரிகிற நிறத்தை நம்பி ஏமாறுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. இந்தப் பொறுமையின்மை தொழிற்சாலையில் வந்தது என்று உடன் வேலை செய்தவர்கள் நினைத்தார்கள். அது எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது.

சுங்காய் பக்கம் எங்கள் தோட்டம். இன்று போனால் எண்ணெய்க்கு வைத்த செம்பனை மட்டும்தான் நிற்கிறது. வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள் இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் காலத்தில் பால்மரக் காடு, ரப்பர் தோட்டம். இலையுதிர் மாதங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மரமெல்லாம் மொட்டையாகி, காய் வெடித்து, கூரைத் தகரத்தில் கொட்டைகள் டக் டக்கென்று விழும். காலடியில் சருகு நொறுங்கும். பால் வற்றிவிடும், வேலை பாதியாகும், அம்மா சோற்றுப் பானையில் தண்ணீரைக் கூட்டுவாள். மேட்டில் ஏறிப் பார்த்தால் காடு முழுக்கச் செம்பு நிறமாக அவ்வளவு அழகாக இருக்கும். காரில் போகிற துரை நிறுத்திப் படம் எடுப்பார். உள்ளே நாங்கள் பசியோடு இருந்தோம்.

அந்த மாதிரி ஓர் இலையுதிர் காலத்தில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். ஈப்போவில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் அங்கே மோட்டார் பட்டறையில் வேலை. நல்ல மனிதர், ஆனால் தன் அம்மா எதிரில் வாய் திறக்காதவர். வளைகாப்பு முடிந்து பாயில் உட்கார்ந்திருந்தபோதே அக்காவின் மாமியார் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"எங்க பரம்பரையில இந்த நெறம் கெடையாது சம்பந்தி. ஏதோ பையன் ஆசைப்பட்டுட்டான். பொறக்குறதாவது எங்க பக்கம் வரணும்."

சொல்லிவிட்டு, தீப்பெட்டி மாதிரி ஒரு சின்ன டப்பாவில் குங்குமப்பூவை அம்மா கையில் வைத்தாள். அம்மா அதைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கினாள். மச்சான் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். பிள்ளை கறுப்பாகப் பிறந்தால் தன்னைத் திரும்ப அழைக்க மாட்டார்கள் என்று அவள் நம்பிவிட்டாள். எங்கள் அம்மாவும் நம்பினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரசர் இருந்தார். டாக்டர் மாதம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரசர் வைத்ததுதான் மருந்து. வெள்ளைக் காற்சட்டை, சிடுசிடு முகம். அவர் அக்காவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ஒரு பொட்டலம் நிறையச் செங்கல் நிற மாத்திரைகளைக் கொடுத்தார்.

"இரும்பு மாத்திரை. தெனம் முழுங்கணும்."

"எதுக்குங்க ஐயா?" என்று அம்மா கேட்டாள்.

"முழுங்குன்னா முழுங்கணும். கேள்வி கேக்காத. அடுத்த ஆளு!"

அவர் இன்னும் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இன்றுவரை எனக்கு அந்த மனிதர் மேல் இருக்கிற கோபம் அதுதான்.

சில நாட்கள் அக்கா ஒழுங்காக முழுங்கினாள். பிறகு ஒருநாள் கக்கூஸிலிருந்து பதறிக்கொண்டு வந்து அம்மா காதில் ஏதோ சொன்னாள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் வெளிக்குக் கறுப்பாகத்தான் போகும், அது இயற்கை. நமக்கு இன்று தெரியும். அம்மாவுக்கு யார் சொல்வது?

"எறங்குறதே கரி மாதிரி இருக்குன்னா, உள்ள இருக்குற புள்ள எப்படி லா வெள்ளையா வரும்? இனிமே அதத் தொடாத. கறுப்பாக்குற மாத்திரைய அந்த ஆளு வேணும்னே குடுத்திருக்கான்."

லயம் முழுக்க இதே கருத்துதான். ஒருத்திகூட மாற்றிப் பேசவில்லை. இரும்பு கறுப்பு, ஆகவே பிள்ளையும் கறுப்பு. குங்குமப்பூ சிவப்பு, ஆகவே பிள்ளையும் சிவப்பு. டிரசர் திடீரென்று வீட்டுக்கு வந்து கேட்டால் காட்டுவதற்காக, மாத்திரைகளை எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரி மேல் வைத்தாள் அம்மா. குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பாலுக்காக அப்பா கறுப்பு காப்பி குடித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் கிரகங்கள் வந்தன. எங்கள் வாத்தியார் டவுனுக்குப் போய்விட்டு வரும்போது ஒரு பழைய வண்ணப் பத்திரிகையைக் கொண்டுவந்திருந்தார். செவ்வாயில் ஒரு கலம் இறங்கி எடுத்த படம் அதில் இருந்தது. சிவப்பு மண், சிவப்புக் கல், வானம்கூட மங்கிய ஆரஞ்சு நிறம். நாங்கள் மொய்த்துக்கொண்டு பார்த்தோம். எங்களுக்கு அதிசயமே வரவில்லை.

"சார், இது நம்ம ஆறாம் நம்பர் காட்டுக்குப் போற ரோடு சார்" என்றாள் ஒருத்தி. வகுப்பே ஆமாம் என்றது.

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். பெற்றோர் வருகிற நாளில் வகுப்பில் கிரகங்களைத் தொங்கவிட வேண்டும் என்று ஆளுக்கொரு வேலை பிரித்தார். பந்துகள் செய்து வருவது என் பொறுப்பு. படத்தை இரவல் தரவில்லை. ஒன்பது கிரகம், பெரிசு சிறிசாக இருக்க வேண்டும், நிறம் பூச வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

பந்து செய்வதா எங்களுக்குப் பெரிய காரியம்? மரத்தில் வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடா நாடாவாக உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் பந்து. அடித்தால் கூரைக்கு மேலே போகும். நாற்றம் மட்டும் கையை விட்டுப் போகாது. அம்மா பால் வெட்டப் போன பிறகு அக்கா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொள்வாள். நான் உரித்துக் கொடுப்பேன், அவள் சுற்றுவாள். வயிற்றின் மேலேயே பந்தை வைத்து உருட்டிச் சரிபார்ப்பாள். உள்ளே இருந்து பிள்ளை உதைத்தால் பந்து ஆடும். "பாருடி, வியாழனுக்கு நெலநடுக்கம்" என்று சிரிப்பாள்.

நிறமெல்லாம் தனக்கு அத்துப்படி என்றாள் அக்கா. பிள்ளை வரம் கேட்டு ஈப்போ கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றியவள் அல்லவா? எந்தக் கிரகத்துக்கு எந்த நிறத்தில் துணி கட்டியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அதன்படியே பூசினோம். புதனுக்குப் பச்சை, இலையைக் கசக்கி. வியாழனுக்கு மஞ்சள் தூள். வெள்ளிக்குச் சுண்ணாம்பு. சனிக்கு அடுப்புக்கரி. செவ்வாய்க்குக் குங்குமம். ஞாயிறு, திங்கள், ராகு, கேது எல்லாம் சேர்த்து ஒன்பது. கணக்குச் சரியாக இருந்ததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. சாக்கில் போட்டுச் சுமந்துபோய் வாத்தியார் மேசையில் கொட்டினேன்.

"இது எது?"

"ராகு சார்."

"அது?"

"கேது சார். பாம்பு மட்டும் இன்னும் வரையல."

மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, "பூமி எங்க?" என்று கேட்டார். நான் சாக்கை உதறிப் பார்த்தேன். கோயிலில் பூமிக்கு ஏது சிலை? நாம் நிற்கிற இடத்துக்கு நாங்கள் பந்தே செய்திருக்கவில்லை.

அன்று அவர் பாடத்தை மூடிவைத்துவிட்டு, கிரகங்களுக்கு ஏன் அந்தந்த நிறம் என்று சொன்னார். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். பிற்பாடு நானே தேடிப் படித்தது கொஞ்சம். இரண்டும் இப்போது கலந்துவிட்டன. புதனில் காற்று இல்லை, போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாத வெறும் கல், அதனால் சாம்பல் நிறம். வியாழனில் கால் வைக்கத் தரையே கிடையாது. மேகங்கள் கிரகத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதால் பட்டை பட்டையாகத் தெரிகிறது, எங்கள் ஒட்டுப்பால் பந்து தானாகவே அப்படித்தான் இருந்தது. கடைசிக் கிரகங்களின் காற்றில் ஒரு வாயு இருக்கிறது. அது வெயிலில் உள்ள சிவப்பைத் தின்றுவிட்டு நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. பூமி நீலமாகத் தெரிவது கடலால். ஆக, கிரகத்தின் நிறம் என்று நாம் பார்ப்பது பாதி நேரம் அதன் மேல் மூடியிருப்பதன் நிறம்தான்.

செவ்வாய்க்கு வந்தபோது வாத்தியார் பலகையில் எழுதினார். "செம்மை கூட்டல் வாய், செவ்வாய். சிவந்த வாய்னும் அர்த்தம், இந்தக் கிரகம்னும் அர்த்தம். ஏன் செவந்திருக்கு? அந்த மண்ணுல இரும்பு இருக்கு. இரும்பு துருப்புடிச்சுத் தூளாகி மேல படிஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்தேன். ஞாயிற்றைக் கழுவிப் பூமியாக்கினோம். ராகுவும் கேதுவும் துணிக்குப் போடும் நீலத்தில் முங்கி எழுந்து யுரேனஸ், நெப்டியூன் ஆனார்கள். திங்கள் சுருங்கிப் புளூட்டோ ஆனது. புதனைக் கரியில் புரட்டினோம். செவ்வாய் மட்டும் எங்களைப் படுத்தியது. செம்மண்ணைக் குழைத்துப் பூசினால் காய்ந்து உதிர்ந்தது. செங்கல் தூளும் நிற்கவில்லை. குங்குமம் ரத்தச் சிவப்பாக அடித்தது.

"வாத்தியார் என்னடி சொன்னாரு? செவ்வாயில இரும்பா?" என்றாள் அக்கா.

"ஆமா. துருப்புடிச்ச இரும்பு."

"அப்ப என் மாத்திரையும் இரும்புதானே? செங்கக் கலருலதான் இருக்கு. எடுடி அந்த டின்ன."

அம்மியில் நான் அரைத்தேன். மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சிப் பசையாக்கி அதில் குழைத்தாள் அக்கா. பூசிக் காய்ந்ததும், பத்திரிகையில் பார்த்த அதே நிறம் அசையாமல் நின்றது. டின்னில் இருந்த எல்லா மாத்திரையும் அதற்குச் செலவாகிவிட்டது. அம்மா வந்து பார்த்து, "நல்லதாப் போச்சு, அந்தச் சனியன் ஒழிஞ்சுது" என்றாள். அரைத்தது நான்தான். அதற்காக என்னையே அடித்துக்கொண்டு அழ நான் தயாராக இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு மாத்திரை என்ன, சாயம் என்ன? என் ஆத்திரமெல்லாம் பெரியவர்கள் மேல்தான்.

அக்கா கையிலிருந்த சாயத்தைக் கழுவும்போது, "சிவந்த வாயாம்ல? என் வாயப் பாருடி" என்று உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

அப்போதே அது எல்லார் கண்ணிலும் பட்டது. படாமல் இல்லை. என்ன சொன்னார்கள் தெரியுமா?

"மாசமானதும் நெறம் வந்திருச்சு பாருங்க அக்கா. மொகமே லைட்டு போட்ட மாதிரி இருக்கு."

"குங்குமப்பூ வேல செய்யுது லா!"

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அக்காவின் முகவாயைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்த மச்சான்கூட, "கலரா ஆயிட்ட" என்று வெட்கப்பட்டார். அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணாடியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். ரத்தம் வற்றிக்கொண்டிருந்த ஒருத்தியை ஒரு லயமே கூடிப் பாராட்டிக்கொண்டிருந்தது.

விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது பேர் கொடுக்க, தோட்டமே இருட்டில் நடந்து போகும்போது வானத்தில் வெள்ளி தெரியும். அவ்வளவு பிரகாசம், அம்மா கும்பிட்டுவிட்டுத்தான் நடப்பாள். அது ஏன் அப்படி மின்னுகிறது என்று பின்னாளில் படித்தேன். அந்தக் கிரகத்தைத் தடித்த மேகம் இடைவெளியே இல்லாமல் மூடியிருக்கிறது, வெயில் அதில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த மேகம் அமிலம். உள்ளே இருக்கிற சூட்டில், நம் பேராக் மண்ணில் தோண்டிய ஈயம் கஞ்சியாக உருகி ஓடும். படித்த அன்று எனக்குக் குழாயடிப் பெண்களின் ஞாபகம் வந்தது. புத்தகத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

அக்கா மண் தின்றாள். ஆறாம் நம்பர் ரோட்டு ஓரத்தில் செம்மண் கட்டியை எடுத்துத் முந்தானை முனையில் துடைத்து, கற்கண்டு மாதிரி வாயில் ஒதுக்கிக்கொள்வாள். சோறு வேண்டாம், மீன் வேண்டாம், மண் வேண்டும். "மசக்கைக்கு மண்ணு கேக்கும், எனக்கும் கேட்டுச்சு" என்று அம்மா சிரித்தாள். உடம்பு இரும்புக்கு அலைந்தது. அலைந்து அலைந்து ரோட்டை நக்கியது. அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டோம்.

பெற்றோர் வந்த நாளில் வகுப்பறை உத்தரத்தில் கம்பி கட்டி ஒன்பதையும் தொங்கவிட்டார் வாத்தியார். பார்த்தவர்கள் எல்லாம் செவ்வாயிடம்தான் நின்றார்கள். "இந்த ஒண்ணு மட்டும் நிஜம் மாதிரியே இருக்கு, என்ன சாயம்?" என்று கேட்டார் வாத்தியார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணைச் சிமிட்டினாள். லயத்திலிருந்து பள்ளிக்கூடம் ரொம்பத் தூரமில்லை. ஆனாலும் அவள் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் வந்தாள். திரும்பும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "காதுல வண்டு கத்துற மாதிரி இருக்குடி" என்றாள். நெஞ்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலே தெரிந்தது.

சில நாள் கழித்து, நான் பள்ளி விட்டு வந்து சோற்றில் கை வைத்த நேரம், அக்காவுக்கு வலி வந்தது. நாள் இன்னும் இருந்தது. அம்மா காட்டிலிருந்து பால் வெட்டும் கத்தியோடு ஓடிவந்தாள். வலியோடு ரத்தமும் வந்தது, நிற்கவில்லை. பழைய புடவைகள் தீர்ந்துபோய் அப்பாவின் வேட்டியைக் கிழித்தார்கள். டிரசர் வந்தார். வந்ததும் அக்காவின் இமையை இழுத்துப் பார்த்தார். பார்த்தவர் முகம் செத்துவிட்டது.

"மாத்திர எங்க? நான் குடுத்த மாத்திர எங்க?"

அம்மா அலமாரி மேலிருந்த வெறும் டின்னைப் பார்த்தாள்.

"முழுங்குனாளா இல்லையா? சொல்லித் தொலைங்க! இந்த ஒடம்புல சிந்துறதுக்கு ரத்தமே இல்ல. அந்த இரும்பு உள்ள போயிருந்தா இப்படி ஆகுமா? யாராவது ஓடிப்போயி ஆபீஸ்ல ஜீப்பு கேளுங்க!"

அப்பா ஆபீஸுக்கு ஓடினார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எதற்கு ஓடுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பறை பூட்டியிருந்தது. ஜன்னல் பலகையைத் தள்ளி உள்ளே குதித்து, மேசை மேல் நாற்காலி போட்டு ஏறி, செவ்வாயைக் கம்பியோடு பிடுங்கினேன். உள்ளங்கை கிழிந்தது. டிரசர் கேட்ட மாத்திரை முழுக்க அந்தப் பந்தின் மேல்தானே இருக்கிறது? சுரண்டித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். ஓடி வரும்போது என் காலுக்கடியில் சருகு நொறுங்கிய சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

நான் வந்தபோது ஜீப்பில் அக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். சுரண்ட நேரமில்லை. பந்தை அவள் கையில் திணித்தேன்.

"அக்கா, மாத்திர. இதுலதான் இருக்கு. எல்லாம் இதுலதான் இருக்கு."

"போடி அந்தப்பக்கம், வெளையாடுற நேரமா?" என்று அம்மா என்னைத் தள்ளினாள். அக்கா பந்தை விடவில்லை. விரல்கள் அதன் மேல் மூடிக்கொண்டன. வெளுத்துப்போன முகத்தில் கண் மட்டும் என்னைப் பார்த்தது. ஜீப் கிளம்பியது. ஆறாம் நம்பர் ரோட்டுச் செம்மண் எழும்பி வண்டியை மறைத்தது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் நடந்ததை அப்பா பல வருஷம் கழித்துத் துண்டு துண்டாகச் சொன்னார். பிள்ளை பிழைத்துவிட்டது. தாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டும், ஆள் கூட்டி வா என்றார்கள். அப்பா பஸ் பிடித்துத் தோட்டத்துக்குத் திரும்பி, லயத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ரத்தம் கொடுத்தால் பால் வெட்டத் தெம்பு இருக்காது என்று பயந்தவர்கள் உண்டு. ஆனாலும் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். குழாயடியில் அக்காவைப் புகழ்ந்தவர்களும் வந்தார்கள். நர்ஸ் ஒவ்வொருவர் விரலிலும் குத்திப் பார்த்தாள், இமையை இழுத்துப் பார்த்தாள், போ, போ என்று ஒதுக்கினாள்.

"உங்க தோட்டத்துல யாருக்குமே ரத்தம் இல்லையா?" என்று கேட்டாளாம்.

இருந்ததெல்லாம் ஒன்றிரண்டு பேரிடம்தான். அதை எடுத்து முடிப்பதற்குள் அக்கா போய்விட்டாள்.

செவ்வாயைப் பற்றி ஒன்று படித்தேன். அந்தச் சிவப்பு மேலே படிந்த தூசிதானாம். துடைத்தால் அடியில் இருப்பது கறுத்த பாறை. அக்கா மகள் கறுப்பாகத்தான் பிறந்தாள். எத்தனை குங்குமப்பூ போட்டும் அவள் தன் அம்மா நிறம். அக்காவின் மாமியார் வந்து துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, பச்சைப் பிள்ளையை வளர்க்கத் தங்களுக்கு வசதிப்படாது என்றாள். மச்சான் அப்போதும் செருப்பைத்தான் பார்த்தார். நாங்கள் வளர்த்தோம். நிறத்தைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

அக்காவைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது மத்தியானம். வாசலில் பெஞ்சில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி மூட்டையில் வளையல்களும் தாலியும் பந்தும் இருந்தன. பந்தில் ஒரு பக்கம் சாயமே இல்லை, ஒட்டுப்பால் தெரிந்தது. அதில் பல் பதிந்திருந்தது. வலி தாங்காமல் கடித்தாளோ, நான் சொன்னதைக் கேட்டுத் தின்றாளோ, எனக்குத் தெரியாது. அந்தப் பந்தை அலமாரியில் வைத்திருந்தேன். நம் ஊர்ச் சூட்டில் அது இளகிப் பிசுபிசுத்து, பல் தடம் முதலில் போனது, பிறகு பந்தே போனது.

குளிப்பாட்ட வந்த பெண்களில் ஒருத்தி முகத்துத் துணியை எடுத்ததும் நின்றுவிட்டாள். "என்ன லா இது, வெத்தல போட்ட மாதிரி இருக்கு" என்றாள். முகம் சுண்ணாம்பு வெள்ளை. உதடும் பல்லிடுக்கும் செங்கல் நிறமாகச் சிவந்திருந்தன. அவள் ஈரத் துணியை எடுத்துக் குனிந்தாள்.

அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காதீங்க. எம் புள்ள மாத்திர சாப்பிட்டிருக்கா."